புறங்கை

போகையில் உப்பளத்துக்கு இழுக்கும்,
வருகையில் கடலுக்கு.
நிலாவெளி றோட்டில் இரண்டுமே இடப்பக்கம்.
ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை வலத்தே திருப்பி வைத்தபடி
மூன்று மாதம் நேராக ஓடினேன்.
பக்கத்து இருக்கையில் தடுப்பூசிப் பெட்டி
பெல்ட் கட்டி, ஒன்றும் அறியாமல்.

சொல்வதற்கு எல்லாரிடமும் ஒன்று இருந்தது.
றோட்டே சரிவு மிஸ், தண்ணி வடிய அப்பிடித்தான் போடுவாங்கள்
என்றார் கிளினிக் காவலாளி அருமைத்துரை.
உண்மைதான். ஆனால்
சீனக்குடாவின் மட்டத் தரையிலும் இழுத்தது.
ரயரை மாத்துங்கோ என்றான் ரயர் விற்கிறவன்.
அநுராதபுரச் சந்தியில் கணினித் திரை பச்சை காட்டியது,
நாலாயிரத்து ஐந்நூறு.
மறுபடி இழுத்தது. மறுபடி பச்சை.
மறுபடி நாலாயிரத்து ஐந்நூறு.
"இறுக்கிப் பிடிச்சு ஓடோணும் மிஸ்" என்றான் அங்கே ஒருத்தன்.
இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்,
நாக்கை.

ஞாயிறு. உவர்மலை. கிளினிக் இல்லை.
நாலு ரயருக்கும் காற்று அளந்தேன்:
முப்பது, முப்பது, முப்பது, இருபத்தொன்பது.
அதில்லை.
குந்தியிருந்து முன் இடது ரயரில் கையை ஓட்டினேன்.
உள்ளேயிருந்து வெளியே வழுக்கிப் போனது.
வெளியேயிருந்து உள்ளே வர,
மீனைச் செதிலுக்கு எதிராய்த் தடவினதுபோல் கீறியது.
உள்விளிம்பு மொட்டை.
சாம்பல்தீவுப் பாலத்தடியில், மார்கழி மழையில்,
தண்ணீருக்குள் ஒளிந்திருந்த குழி
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
என் செருப்பும் வெளிக் குதியில்தான் தேயும்;
அதற்கு ஒருவரும் என்னிடம் காசு கேட்கவில்லை.

ஆனால் இது பழைய தேய்வு.
பச்சைத் திரை பொய் சொல்லவில்லை, கோணம் இப்போது சரி.
தேய்ந்தது தேய்ந்ததுதான்.
பக்கத்து வீட்டு டெல்சி ஜக்கைப் பிடிக்க
முன் சில்லு இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டினேன்.
பிழை ரயரிலென்றால் இனி வலப்பக்கம் இழுக்கவேண்டும்.
இழுக்கவில்லை.
அதே இடம், அதே உப்பளம்.
ஒரு தாய்க்கு ஒரு நேரத்தில் ஒரு வருத்தம்தான் வரும் என்று
நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கன்னியா வரை போனேன்,
பிரேக்கை முடிந்தவரை தொடாமல்,
கடைசியில் காரைத் தானாக ஓயவிட்டு.
அங்கே சனம் வாளியோடு கிணறு கிணறாய்
கைவைத்துப் பார்த்தபடி, ஏழுக்கும் ஏழு சூடு.
நான் தரிப்பிடத்தில் சில்லுச் சில்லாய்.
காய்ச்சல் பார்த்துப் பழகிய புறங்கை.
பின் இரண்டும் குளிர்.
முன் வலது, இளஞ்சூடு.
முன் இடது
கையை உதறினேன்.
மோர் விற்ற பெடியன் சிரித்தான்:
"அக்கா, அது எட்டாவது கிணறு."

அலஸ்தோட்டம், ஹில்மியின் கராஜ்.
கொப்பித் தாளை நீட்டினேன்:
காற்று, தேய்வு, மாற்றிப் பூட்டியது, சூடு.
வாசித்தான். இன்னொரு தரம் வாசித்தான்.
பேசாமல் போய் ஜக்கை எடுத்து வந்தான்.
சில்லைக் கையால் சுற்ற, அரைச் சுற்றும் வரவில்லை.
கலிப்பர் பின் துருவேறி இறுகி
பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது,
நான் மிதிக்காத நேரமெல்லாம்.
"உப்புக் காத்து" என்றான்.
ஆயிரத்து எண்ணூறு. கிறீஸ் தனி.

திங்கள், காலை ஏழு.
ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைச் சற்று எடுத்தேன்.
கார் ஒரு பக்கத்தையும் கேட்கவில்லை.
உப்பளம் தன்பாட்டில் வெள்ளையாய்க் கிடந்தது.
விரல்களைத் திரும்ப வைத்ததும்
வலத்தே சரிந்தது.
எதிரே வந்த பஸ்காரன் ஹோனில் ஏறி நின்றான்.

காரில் ஒன்றுமில்லை.
அந்த ஒரு விரற்கடை
இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

பெட்டிக்குள் நாலு பாகை.
குச்சவெளியில் பதினொரு பிள்ளைகள்.