ஒன்பது நொடி

சால்ட்டோவில் ஜூன் மாதம் குளிர்காலம்.
ஆரஞ்சு லாரிகள் என்ஜினை அணைக்காமலே
எடைமேடைக்கு வரிசையில் நிற்கும்.
உள்ளே ஓடிலியா பொத்தானை அழுத்திவிட்டு
அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.
கணினி கண்விழிக்கப் பதினோரு நிமிடம்.

அதற்குள் மாத்தே இலை ஊறிவிடும்.
முதல் லாரிக்காரன் செலெடோனியோ
ஜன்னலில் முழங்கை ஊன்றி
முட்டிவலியில் தொடங்கி
மகளின் வீட்டு வழக்கு வரை வந்திருப்பான்.
திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்,
வந்த காரியத்தை வாசலில் மறந்தவன் மாதிரி.

பொறுத்தது போதுமென்று முதலாளி சுபிசரேத்தா
என்னைக் கூப்பிட்டார்.

திறந்து பார்த்தேன்.
மூன்று வைரஸ் காவலர்கள்,
ஒருவன்மேல் ஒருவனுக்குச் சந்தேகம்.
என்றைக்கோ செத்துப்போன ஒரு பிரிண்டரைத்
தினமும் எழுந்ததும் கூப்பிட்டுப் பார்க்கும்
ஒரு மென்பொருள்.
விசிறியில் பழுப்பாய் ஆரஞ்சுப்பூத் தூள்.

"தூசி தட்டிப் பயனில்லை. எல்லாவற்றையும் அழிக்கணும்."
"எல்லாவற்றையுமா?"
"வேண்டியதைச் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்."

எடைச்சீட்டுகள்.
பூனைப் படம் இரண்டு.
அப்புறம், குரலைத் தாழ்த்தி,
சீட்டு விளையாட்டில் அவள் சேர்த்த மதிப்பெண்.

அதை மட்டும் எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.
தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை.

உறுதியா, என்று கேட்டது பெட்டி.
நிச்சயம் உறுதியா, என்று மறுபடி.
"கல்யாணத்தில்கூட ஒரு தடவைதான் கேட்டார்கள்"
என்றாள் ஓடிலியா.

பதினான்கு சதவீதம். நாற்பது.
கார்பன் தாள் வைத்துக்
கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.
எழுபதில் நின்று, எதையோ யோசித்து,
நூறு.

வெள்ளைத் திரை. எந்த மொழி? எந்த ஊர் நேரம்?
உங்கள் பெயர்?

அதுவரை அந்தக் கணினி காலைதோறும் அவளை
பல்தசார் என்றே வரவேற்றது.
அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்.
முதலில் மாற்றத் தெரியவில்லை,
பிறகு மாற்றத் தோன்றவில்லை.

ஒற்றை விரலால் ஓடிலியா என்று அடித்தாள்.
கொஞ்சம் தயங்கிக்
குடும்பப் பெயரையும் சேர்த்தாள்.

அணைத்து, திரும்பப் போட்டேன். ஒன்பது நொடி.
முதலாளி கை தட்டினார்.
ஓடிலியா திரும்பி
அடுப்பிலிருந்த கெட்டிலைப் பார்த்தாள்.
அது இன்னும் முனகவே தொடங்கவில்லை.

மூன்றே வாரத்தில் அவரிடமிருந்து ஃபோன்:
"மறுபடி படுத்துவிட்டது. காலையில் முதல் சீட்டு வர
அதே பழைய நேரம்."

விடியுமுன் மோட்டார்சைக்கிளில் போனேன்.
ஓடிலியா வந்தாள். கோட்டைக் கழற்றினாள்.
தண்ணீர் வைத்தாள்.
அது கொதித்து, இலை ஊறி,
ஜன்னலில் செலெடோனியோ செருமிய பிறகுதான்
விரல் பொத்தானுக்குப் போனது.
என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
மாத்தேயை என் பக்கம் நீட்டினாள்.

முதலாளியிடம் சொன்னேன்:
"பழைய மெஷின், ஐயா. குளிருக்குக் கொஞ்சம்
சூடேற விடணும்."
பெட்ரோலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன்.

செலெடோனியோ மகளுக்கு
வீடு கிடைத்துவிட்டதாம். பாதி வீடு.
சமையலறை இருக்கிற பாதி.