பறக்கும் ரயிலில் சில அபிப்பிராயங்கள்

யாரும் கேட்கவில்லை.
இருந்தாலும் சொல்கிறேன்.

வேளச்சேரிக்காரனிடம் வந்து
எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றிவை என்கிறார்கள்.
எங்களுக்கு மேகம் என்றால்
காரை ஓட்டிப்போய் மேம்பாலத்தில் நிறுத்துவது.
என் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன.
ஒன்று பரணில்.
இன்னொன்று அம்பத்தூரில், அக்கா வீட்டு பீரோவில்,
வளையல் டப்பாவுக்குப் பின்னால்.
மச்சானுக்குத் தெரியாது.

இன்று ரிச்சி தெருவுக்குப் போனது ஒரு ரேமுக்காக.
ஆடியில் கேட்ட விலை ஐப்பசியில்
இரண்டரை மடங்கு.
நிசாருதீன் சிரிக்கிறான்:
"கிராம் கணக்குல தரட்டா சார்?
சேதாரம் கிடையாது."
உலகத்து மெமரியையெல்லாம்
எங்கோ ஒரு பெரிய மூளை தின்கிறதாம்.
தின்னட்டும்.
என் எட்டு ஜிபியில் ஏன் வாய் வைக்கிறது?

பழையது ஒன்று கிடைத்தது.
சட்டைப் பையில் இருக்கிறது,
சிந்தாதிரிப்பேட்டை பிளாட்பார டிக்கெட் அளவுக்கு
எடையே இல்லாமல்.

அப்புறம் இந்த மிக்ஸி.
அதிலும் அறிவு வைத்துவிட்டார்களாம்.
தேங்காய் அரைக்க அறிவு எதற்கு,
மூடி சரியாகப் பொருந்தினால் போதாதா?

என் பெயர் கோவேந்தன்.
நான் எண்ணினால் ஐந்தெழுத்து.
மெஷின் எண்ணினால் ஒன்பது.
புள்ளிக்கு ஒரு சீட்டு, கொம்புக்கு ஒரு சீட்டு என்று
தனித்தனியாய்க் கிழிக்கிற கண்டக்டர் அது.
முதலெழுத்தில் நின்று அழிக்கும் விசையைத் தட்டினால்
கொம்பும் காலும் ஒடிந்து
ஒரு க மட்டும் நிற்கும்,
பஸ்ஸை விட்டவன் மாதிரி.
அதே கேள்வியைத் தமிழில் கேட்டால்
மூளைக்காரன் கூடுதலாகக் காசு கேட்கிறான்.
கேட்டால், துண்டு துண்டாய் வெட்ட வேண்டியிருக்காம்.
வெட்டச் சொன்னது யார்?

அந்த மூளையைப் பற்றி
மூன்று வருடமாக ஒரே அபிப்பிராயம் வைத்திருந்தேன்:
கிளி ஜோசியம்.
சீட்டுக்கட்டுதான் கொஞ்சம் பெரிசு.

திருவல்லிக்கேணியில் ஒரு அக்கா ஏறினார்.
காலி மீன்கூடை, விரிசல் விழுந்த போன்.
போனை வாய்க்கருகே பிடித்து:
"மழ வருமா வராதா?
தார்ப்பாயி இஸ்துனு போணுமா?"

போன் சொன்னது:
"வணக்கம். தாங்கள் எவ்விடத்து வானிலையை
அறிய விரும்புகிறீர்கள்?"

"இன்னாடா இது,
தாலுகா ஆபீஸ் மாதிரி பேசுது.
ஏய், ஒழுங்கா சொல்லு."

பெட்டியே திரும்பிப் பார்த்தது.
இரண்டாம் முறையும் தாங்கள்.
மூன்றாம் முறை,
"ஏழு மணி வரைக்கும் மழ இல்லக்கா."

அக்கா என்றது.
எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
கிளி இப்படிச் சீட்டை மாற்றி எடுத்து
நான் பார்த்ததில்லை.

கோட்டூர்புரம் தாண்டி
அடையாற்று மேல் ரயில் ஊர்ந்தபோது
மணி ஆறரை.
ஜன்னலெல்லாம் சாரல்.
அக்கா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
போனைப் பார்த்துச் சொன்னார்:
"புளுவுது. ஆனா மரியாதயா புளுவுது."

அடுத்து என்னிடம்:
"தம்பி, கம்ப்யூட்டர் ஆளா நீ?
இத்தொட்டு சவுண்டு மட்டும் கொறச்சுக் குடு."

வாங்கினேன்.
கஸ்தூர்பா நகர் போயிற்று.
இந்திரா நகர் போயிற்று.
போன வாரம் வரை இங்கேதான் இருந்தது அந்தப் பட்டன்.
எவனோ இரவோடு இரவாக
எடுத்து வேறெங்கோ ஒளித்திருக்கிறான்.

திருவான்மியூரில் அக்கா
போனைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.
அது இன்னும் சத்தமாக
மழைக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தது.

பட்டனை மாற்றி வைக்கிறவர்களைப் பற்றியும்
எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.
வேளச்சேரி வருவதற்குள்
சொல்லி முடியாது.