இருமலை நீக்கிவிட்டார்கள்

ஓவ்லு நகரத்தில் மைனஸ் பத்தொன்பது.
ஐஸ் ஹாக்கி அரங்கின் பக்கவாட்டுக் கதவருகே
காலை ஆறு மணியிலிருந்து வரிசை.
புறங்கையில் மார்க்கரால் எண் எழுதுகிறாள் ஹில்க்கா.
எனக்குப் பதினொன்று.
குளிரில் மை இறங்காமல்
ஒரு ஒன்றுதான் விழுந்தது.
நான்தான் முதல் ஆள் என்று சொல்லிப் பார்த்தேன்.
யாரும் நம்பவில்லை.

தௌனோவுக்கு எழுபத்து நாலு.
இடது முட்டி உலோகம்.
"ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடுவாராம்."
"துர்க்குவில் போன வாரம் நின்றார், ஒன்றே முக்கால் மணி நேரம்."
"மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம்
நிற்பதில் சேர்த்தியா?"
இது ஊர்போ.
மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு வந்ததெல்லாம்
கழுநீர் என்பவன்.
மொத்தம் பதினாறு ஆல்பம்.
பதினாறும் இருக்கிறது அவனிடம்,
சிலது இரண்டிரண்டாக.

பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றி
புதுப் பெட்டியில் வந்து நின்றது.
எண்பத்து மூன்றாம் வருஷத்து குவோப்பியோ கச்சேரி,
ஐந்து தட்டு, எண்பத்தொன்பது யூரோ.
சுத்தம் செய்திருக்கிறார்களாம்.
கரகரப்பைக் கழுவி
கைதட்டலைச் சீவி
மூன்றாம் சரணத்துக்கு முன்னால்
கிதார்க் கம்பிகளை அவர் உள்ளங்கையால் அமுக்கும்
நாலு நொடி மௌனத்தில்
வந்து விழுமே ஓர் இருமல்,
அதையும் துடைத்தெறிந்துவிட்டார்கள்.

வென்லா அப்போது பிறக்கவே இல்லை.
"இருமலோடுதான் பாட்டு எனக்கு மனப்பாடம்.
இப்போது கேட்டால்
இருட்டில் படியிறங்கும்போது
ஒரு படி குறைந்த மாதிரி இருக்கிறது."

"அது என் இருமல்" என்றாள் ஹில்க்கா.
"நிமோனியா.
ஆஸ்பத்திரிச் செருப்போடு ஓடி வந்தேன் அன்றைக்கு.
என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம்?
வழக்குப் போடப்போகிறேன்."
வரிசை முழுக்கச் சிரிப்பு, புகைபுகையாக.

இல்ப்போ சிரிக்கவில்லை.
"அது மர்யுக்கா" என்றான்,
தன் பூட்ஸைப் பார்த்து.

மர்யுக்கா போய் இரண்டு கோடை ஆகிறது.
போட்டோவில் எப்போதும் வாயை மூடித்தான் சிரிப்பாள்.
தொலைபேசி வந்தால் இவனிடம் நீட்டிவிடுவாள்.

ஊர்போ தெர்மாஸைத் திறந்தான், மூடினான்.
ரொம்ப நேரம் கழித்து
"ரெண்டு பேரும் சேர்ந்தே இருமியிருப்போம்"
என்று காப்பியை அவனிடம் தந்தாள் ஹில்க்கா.
பிறகு என் காதில்:
"என்னுடையதுதான். சத்தியமாக."

தௌனோ நின்றுதான் பாடினார்.
குரல் ஒரு படி இறங்கியிருந்தது.
டிரம்ஸ் அடித்தவன் பேரன் வயசு, அவசரக்காரன்.
அந்தப் பாட்டு வந்தது.
இரண்டாம் சரணம் முடிந்து
கம்பிகள் மேல் உள்ளங்கை.
ஹில்க்கா மிட்டாயை அடக்கி உதட்டை இறுக்கினாள்.
இல்ப்போ தொப்பியைக் கழற்றினான்.
நாலு நொடி.
ஐந்து.
ஏழு.
வரி மறந்துவிட்டதோ என்று
ஆறாயிரம் பேர் மூச்சைப் பிடித்திருக்க
இருமினார் தௌனோ.
மைக்கிலேயே.
அரங்கின் கூரை வரைக்கும் போய் வந்தது அது.
பிறகு சரணத்தைப் பாதியிலிருந்து பிடித்துக்கொண்டார்.

"திருடன்" என்கிறாள் ஹில்க்கா,
வண்டி நிறுத்துமிடத்தில், கண் கலங்க.
வென்லாவின் போன் குளிரில் செத்து
இரண்டு சரணம்தான் பதிவாகியிருக்கிறது.
ஒலி மோசம், முதல் ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை,
தம்பெரெவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று:
இதெல்லாம் ஊர்போ, ஒரே மூச்சில்.

இல்ப்போ கேசட் பெட்டியால்
வோல்வோவின் முன்கண்ணாடிப் பனியைச் சுரண்டுகிறான்.
பெட்டி காலி.
கேசட் உள்ளே ஓடுகிறது,
சாத்திய கதவுக்கு வெளியே தம் தம்மென்று
அடித்தாளம் மட்டும்.
சுரண்டுகிறான், சுரண்டுகிறான்,
நிறுத்துகிறான்
நாலு நொடி.
மறுபடி சுரண்டுகிறான்.