முன்கண்ணாடியில் ஒரு வெட்டு

கோயம்புத்தூர்க்காரர் கேட்டது ரெண்டே விஷயம்.
ஒன்று, பழைய ராணுவப் பச்சை.
இன்னொன்று, இந்த வண்டியின் சர்வீஸ் வரலாறு,
ஒரே பக்கத்தில், டைப் அடித்து.

வரலாறு எழுதுகிற ஆளா நான்?
மூலக்கொத்தளத்தில் வெல்டிங் பட்டறை.
ஆனாலும் சீட்டைக் கழற்றியபோது
அடியில் ஒரு லாக் புத்தகம்.
கிரீஸில் ஒட்டிய தாள்களை
பிளேடால் பிரித்தேன்.

ஜபல்பூரில் பிறந்த ஜோங்கா.
அதிலும் பீரங்கி சுமக்கச் செய்த வகை:
குழாய் நீட்டிப் படுக்க
முன்கண்ணாடி நடுவே ஒரு வெட்டு.
இருபத்தாறு வருஷத்தில் என் பட்டறைக்கு
அப்படி வந்தது இது ஒன்றுதான்.

புத்தகம் சொன்னது:
ஆயில் மாற்றியது.
ஆயில் மாற்றியது.
கிளட்ச் பிளேட்.
பதான்கோட் ஷெட்டில் பதினோரு மாதம் சும்மா.
ஆயில்.
சுட்டது நாலு முறை, பயிற்சித் திடலில்,
சுண்ணாம்பு அடித்த தகரத்தைப் பார்த்து.
போர் என்று ஒரு கட்டம் இருந்தது.
அதில் கோடு கிழித்து
யாரோ அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிறகு ஏலம்.
பீரங்கியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.
வெட்டு நம்மூருக்கு வந்தது.

மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. ஆனால்
காசிமேட்டில் ஏகவல்லி ஐஸ் கம்பெனியின் கணக்குப்பிள்ளையைக் கேட்டால்
அந்த வெள்ளைத் தாள்கள் போதாது.
விடிகாலை மூன்று மணி, பின்பக்கம் தாழத் தாழ பார் ஐஸ்,
எந்தத் தெருவில் போனது என்பதை
தரையில் சொட்டிய ஈரத்தை வைத்தே சொல்லலாம்.
ஓட்டினது டில்லிபாபு.
வெட்டு வழியாக வரும் காற்று
கியர் போடும் கையில்தான் அடிக்கும்.
அவனுக்கு இடது கை மட்டும் எப்பவும் சில்லென்றிருக்கும் என்று
அவன் பெண்சாதி சொல்லுமாம்.

அட்டை வைத்து அடைத்தான், ஊறிப்போனது.
டயர் டியூப் ஒட்டினான், பிய்த்துக்கொண்டது.
அப்புறம் என்னிடம் வந்தான்.
"இதுல இன்னா பூந்து போச்சோ எனக்குத் தெரியாதுண்ணே,
காத்து பூந்து வருது. அடச்சுக் குடு."
ஐஸ் பெட்டித் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி
பற்றவைத்தேன். டீக்காசு வாங்கினேன்.

சுனாமிக்கு மறுநாள் லோ கியரில்
ரோட்டில் கிடந்த ஃபைபர் போட்டுகளை
ஒவ்வொன்றாக மணலுக்கு இழுத்தது.
பம்பரில் அந்த நெளிசல் அதுதான்.
கோயம்புத்தூர்க்காரர் விரலால் தடவி
"குண்டா?" என்றார்.
நான் ஸ்பேனரைத் தேடினேன்.

வியாசர்பாடி சுரங்கப்பாதை நிரம்பிய வாரம்
சைலன்சரை நிமிர்த்தி உயரமாகக் குழாய் வைத்துக் கொடுத்தேன்.
ஸ்டான்லிக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது.
ஆறு பேர் வீடு திரும்பினார்கள்.
ஏழாவது ஆளின் மகன்
இப்பவும் பட்டறை வழியாகப் போகும்போது
ஹாரன் அடிப்பான்.

எண்ணூரில் எண்ணெய் மிதந்த வருஷம்
ஐஸ் வைத்த இடத்தில் கறுப்பு வாளிகள்.
பத்து நாள்.
சோடா போட்டுக் கழுவினோம், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினோம்,
நாற்றம் இரும்புக்குள் போய்விட்டது.
அதில் வந்த ஐஸை ஒருத்தரும் தொடவில்லை.
அன்றோடு முடிந்தது.
கம்பெனிக்குப் பின்னால் அதன்மேல் வலை காயப்போட்டார்கள்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
டைப் அடிக்கிற பெண் கேட்டது: "இன்னா சார் எழுதணும்?"
ராணுவ சர்வீஸ் பதின்மூன்று வருஷம் என்றேன்.
ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டது என்றேன்.
"அவ்ளோதானா?"
நாலு ரூபாய் சில்லறை இல்லாமல் நின்றேன்.

கிரைண்டரை வைத்து என் தகரத்தை நானே அறுத்தேன்.
என் வெல்டிங் கெட்டியாகத்தான் இருந்தது;
அரைமணி ஆனது.
உள்பக்கம் துருவில்
ஒரு சங்கரா மீன் செதில்.
நகத்தால் சுரண்டப் பார்த்தேன், வரவில்லை.
மேலேயே பச்சை அடித்தேன்.

ராத்திரி, லாரியில் ஏற்ற
ராயபுரம் வழியாக நானே ஓட்டிப்போனேன்.
கல்மண்டபம் சிக்னலில்
ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து உரசி நின்றது.
டில்லிபாபு.
புதுப் பச்சையைப் பார்த்தான், நம்பரைப் பார்த்தான்,
இன்ஜின் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தான்,
கண்ணாடி நடுவே பார்த்தான்.

"காத்து வருதாண்ணே?"

கியர் கட்டையிலிருந்து கையை எடுத்து
அவன் பக்கம் நீட்டினேன்.
தொட்டுப் பார்த்தான்.
பின்னாடி பஸ்காரன் கத்தினான்.