பகுதி ஆ, கூடு ஏழு

கிராமத்தின் வரலாறு, சுருக்கமாக.
அதன் கீழே ஆறு புள்ளிக்கோடுகள்.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்
பிரதேச செயலகத்தில் கொடுத்தால்
குளக்கட்டுக்குக் காசு வரக்கூடும்.
மாதர் சங்கச் செயலாளர் நான்.
கையெழுத்து வடிவு என்பதற்காக
என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் கோட்டில் பெயர்: விண்ணாங்குமுறிப்பு.
முறிப்பு என்றால் உடைப்பு.
யார் கட்டிய குளம், தெரியாது.
எந்த மாரியில் உடைந்தது, தெரியாது.
உடைந்ததற்கு மட்டும் பெயர் நின்றிருக்கிறது.

முதலில் வந்தது யாரென்று கூட்டத்தில் கேட்டேன்.
பூதப்பிள்ளையர் எழும்பினார்.
"எங்கட கோணாமலைப் பாட்டன்.
கரடி அடிச்சு ஒற்றைக் கண்ணோடை திரிஞ்ச மனுசன்.
ஐயனாருக்குக் கல்லு நட்டது அவர்தான்."

பின்னாலிருந்து செல்லாயி:
"கல்லு நட்டாரு, சரிங்க. கட்டு போட்டது யாரு?
எழுபத்தேழுல தோட்டத்துல அடிச்சு வெரட்டி
லொறியில வந்து எறங்குனோம், பதினோரு குடும்பம்.
கொழுந்து பறிச்ச கையால மண்ணு சொமந்தோம்.
நாள் முழுக்கச் சொமந்தா ரெண்டு சுண்டு அரிசி.
அதுலயும் கல்லு."

அருளப்புவின் மகன் ஒன்றும் பேசவில்லை.
சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை, அதற்குள்
ஐம்பத்தாறாம் ஆண்டுப் பெர்மிற்.
தகப்பன் நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்த பனங்கொட்டையில்
மூன்று முளைத்ததாம்,
அதையும் எழுதச் சொன்னான்.

எழுதவில்லை.
பூதப்பிள்ளையரின் கிணற்றடியில்
செல்லாயி வீட்டார் பதினெட்டு வருசம்
யாராவது வார்த்துவிடும்வரை
குடத்தோடு நின்றதையும் எழுதவில்லை.
தொண்ணூற்றைந்தில் ஒரே கிழமையில்
ஊர் மூன்று மடங்கானதும்,
பாலை மரமொன்றின் கீழ்
சாவகச்சேரித் தையற்கடை திறந்ததும்
கோட்டுக்குள் அடங்காது.
முகாமில், நாலாம் வலயத்தில்,
தண்ணீர் பவுசருக்கு வரிசை வைத்த வாளிகள் களவுபோக,
பூதப்பிள்ளையரின் பெண்சாதி இராசகிளி
தன் வாளியையும் செல்லாயியின் வாளியையும்
ஒரே கயிற்றில் பிணைத்து வைத்தாள்.
அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது. ஆடு கட்டியிருக்கிறது.

போகும்போது அறுபத்திரண்டு குடும்பம்.
வந்தது நாற்பத்தொன்று.
இதற்குக் கூடு ஒன்பதில் இடமுண்டு,
தற்போதைய எண்ணிக்கை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

பிறகுதான் யசிந்தன் வாயைத் திறந்தான்.
கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இருந்தவன்.
"கட்டுக்குள்ளை செங்கல் கிடந்ததெல்லே,
பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரிப் பெரிசு.
அதைப் போட்டால் ஊர் ஆயிரம் வருசம்
பழசு எண்டு காட்டலாம்."

கூட்டம் அப்படியே அடங்கியது.
பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒரு தூண் எழும்பியது.
எழும்பிய மறுமாசம் மஞ்சள் பலகை வந்தது,
முள்ளுக்கம்பி வந்தது,
விதைத்த வயலுக்குள் இறங்க
விதைத்தவனுக்கு அனுமதி வேண்டியதாயிற்று.
வரலாறு கூடினால் காணி குறையும்.

முதல் தடவையாக மூன்று பகுதியும் ஒத்துப்போனது.
"பழசா எழுதாதை பிள்ளை," என்றார் பூதப்பிள்ளையர்,
கரடியடித்த பாட்டனை ஒரே வாயால் விழுங்கி.
செல்லாயி சொன்னாள்:
"எழுபத்தேழும் வேணாம். இப்பதான் வந்தோம்னு போடு."
செங்கல் என்னவானது என்று நான் கேட்கவில்லை.
இரண்டு வீட்டில் அடுப்பு புதிதாய் உயர்ந்திருந்தது.

ஆகவே எழுதினேன்:
இது ஒரு சிறிய விவசாயக் கிராமம்.
மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர்.
வானின் இடப்பக்கம் இடிந்துள்ளது.
துருசுக்குப் பலகை இல்லை.

ஆறாவது கோடு மிச்சம்.
அலுவலர் அதன்மேல் அடிமட்டம் வைத்து
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
சிவப்பில் ஒரு கோடு கீறினார்,
இனி ஒருவரும் ஒன்றும் சேர்க்காதபடி.
மாரிக்கு முன் காசு வருமா என்றேன்.
மாரி எப்போது என்று
என்னிடமே கேட்டார்.