நாலு இருபத்தெட்டு

ஒகேனக்கல் தண்ணீர் பென்னாகரம் தாண்டி
எங்கள் தொட்டிக்கு ஏறிவர நாலு மணி நேரம்.
மின்சாரம் போனால் ஆறு.
அதுவரை தொட்டியின் காலடியில் உட்காரலாம்.

குளோரின் டப்பா, ஸ்பேனர், டார்ச்,
நீர் வழங்கல் பதிவேடு,
அதன்மேல் பாலித்தீன் பையில் சுற்றிய வேதம்.
ஒரு நாளைக்கு ஒரு வசனம்தான்.
களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும்
என்பார்கள் எங்கள் பக்கம்.
வசனம் அதற்கு நேர் எதிர்.

மாசி முழுக்க அந்தச் சமாரியக் கிணற்றடியிலேயே இருந்தேன்.
உச்சி வெயில்.
நடந்து களைத்த ஒருவர்.
வாளி இல்லை, கயிறு இல்லை, கிணறோ ஆழம்.
அவள் வருகிறாள்.
அவள் குடத்தில் அவர் ஆட்கள் குடிப்பதில்லை.
இருந்தும் கேட்கிறார்.

ஊற்று என்று ஒரு சொல் வருகிறது அங்கே,
உள்ளுக்குள்ளேயே சுரக்குமாம்.
எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது.
ஊர் ஊற்றைக் குடித்துத்தான்
என் பல் இப்படிப் பழுப்பு.
அண்ணனுக்கு முழங்கால் மடங்காது,
ஜெபத்துக்கும் நின்றுகொண்டே இருப்பான்.
போர் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பூட்டிய பிறகுதான்
ஆற்றுத் தண்ணீர் வந்தது.

பதிவேட்டில் தேதி, மீட்டர், குளோரின் கிராம்.
'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம்,
யாரும் நிரப்புவதில்லை.
அதில் அன்றைய வசன எண்ணைப் போட்டுவைப்பேன்.
ஒன்றியத்து ஓவர்சியர் ஒருநாள் விரல் வைத்தார்:
"நாலு இருபத்தெட்டுக்கு என்னய்யா ஆச்சு?
மோட்டார் நின்னுதா?"
"ஆமா சார்."
பொய்தான். முழுப் பொய் இல்லை.
அங்கேதான் ஒன்பது நாளாக நின்றிருந்தேன் நான்.

அந்த வசனத்தில் அவள்
குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போய்விடுகிறாள்.
தண்ணீருக்கு வந்தவள் குடத்தை மறப்பாளா?
பன்னிரண்டு வருஷமாகக் குழாயடி பார்க்கிறேன்.
வலி கண்ட இரவும் செல்வராணி
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினாள்.

எப்சிபாவிடம் கேட்டேன்.
கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.
கொட்டையை ஒதுக்கியபடி சொன்னாள்:
"மறக்கல.
அவருக்குத் தாகமில்ல?
குடிக்கட்டும்னு வெச்சிட்டுப் போயிருக்கா."

அன்றிரவு முன்னும் பின்னும் தேடினேன்.
அவர் குடித்தார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

என் கையில் மூன்று வால்வு.
முதலில் மெயின் ரோடு,
அடுத்து பள்ளிக்கூடத் தெரு, என் வீடும் அங்கே,
மிச்சம் கிழக்கே காலனிக்கு.
யாரும் உத்தரவு போட்டதில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித் திறந்தார்,
நானும் அப்படியே.
காலனியின் கடைக்கோடிக் குழாயில் மாதம்மாள்
குடத்தைச் சாய்த்துப் பிடித்திருப்பாள்.
நூல் மாதிரி விழும்.

பத்தாம் நாள் காலை
கை தானாகவே கிழக்கு வால்வுக்குப் போனது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
தானாகப் போகவில்லை.
இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.
துருவேறிய சக்கரத்தைக் காலால் உதைத்துத்தான்
திறக்க முடிந்தது.

ஏழு மணிக்குத் தலைவர் வீட்டிலிருந்து போன்.
எட்டரைக்கு எப்சிபா காலிக் குடத்தோடு:
"நம்ம தெருவுக்கு?"
அவள் சொல்லித்தான் என்று சொல்ல வாய் வந்தது,
அடக்கிக்கொண்டேன்.

வெயில் ஏறக் காலனிப் பக்கம் நடந்தேன்,
கடைக்கோடிவரை போகிறதா பார்க்க.
மாதம்மாள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை,
எதற்குச் சொல்ல வேண்டும்?
நாலாவது குடம் நிரம்பும்போது
என் முகத்தைப் பார்த்தாள்.
"இவ்ளோ தூரம் வந்துட்டியே, குடிக்கிறியா?"
சொம்பில் மொண்டு நீட்டினாள்.
அண்ணாந்து குடிக்கவில்லை,
வாய் வைத்தே குடித்தேன்.

குளோரின் நானூறு கிராம்.
குறிப்பு: நாலு இருபத்தெட்டு.
நாளைக்கும் அதே வசனம்தான்.
எந்த வால்வு முதலில் என்பது
இன்னும் தெரியவில்லை.