பொருள்: பால்

நாலரை மணிக்கு உன் மெசேஜ்.
பால்
இரண்டே எழுத்து.
கேள்விக்குறி இல்லை, முற்றுப்புள்ளிக்கும் உனக்கு நேரமில்லை.

உன் முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம்.
அனுப்புநர்: கு. ரா. துளசிராம், மஹால் ஏழாவது தெரு.
பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள்.
பொருள்: இரண்டு டியூப்லைட்டுக்கு
நாலாயிரத்து நூறு ரூபாய் வந்தது தொடர்பாக.
பொறியாளர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்,
கவுண்டரில் இருந்த நான் பிரித்தேன்.
கடைசியில்
இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள
என்று போட்டுக் கையெழுத்து.
முன்பின் பார்க்காத ஒருத்திக்கு
யார் இப்படி எழுதித் தருவார்கள்?

மேடம் என்றாய். மூன்று வாரம் மேடம்.
மீட்டர் மாற்றிய பிறகு
அந்த மீட்டருக்கு வராத நோயில்லை.
வேகமா ஓடுது மேடம், ஓடவே இல்ல மேடம்,
உள்ள பல்லி போயிருச்சு மேடம்.
பல்லிக்கு மனு எழுதி வாங்கமாட்டோம் என்றேன்.
அன்றைக்குத்தான் பேர் கேட்டாய்.

பேச்சியம்மாள்.
"பேர்லதான் பேச்சு" என்று சிரித்தாய்.

அப்புறம் பேசினோம், பாரு.
தண்ணீர் இல்லாத தெப்பக்குளத்தில்
பையன்கள் கிரிக்கெட் ஆட
சுவரில் உட்கார்ந்து
போன் சூடாகிக் காது எரிய
நேரில் பார்த்ததையே திரும்ப இரவில்.
யார் எப்போது அவுட் ஆனான் என்று இன்றும் சொல்வேன்.
எந்த ஓவரில் 'நீங்க' 'நீ' ஆனது
என்பது மட்டும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம்
நீயும் உன் அம்மாவும் உங்கள் பாஷையில் பேசுவீர்கள்.
நான் நடுவில் உளுந்து களைவேன்.
சௌராஷ்டிரத்துக்குள் என் பெயர் மட்டும்
மஹால் சந்துக்குள் வழி தப்பிய
டவுன் பஸ் மாதிரி வந்து திணறும்.

ஒருவரும் சொல்லித் தரவில்லை.
உப்பு எது என்று முதலில் தெரிந்தது,
எரிச்சல் எது என்று பிறகு.
நாலாம் வருஷம்
உன் அக்கா என் சாம்பாரைப் பற்றிச் சொன்னது
முழுசாகப் புரிந்தது.
புரிந்தது என்று சொல்லவில்லை.

இதற்குள் நமக்கு வாக்கியங்கள் தேய்ந்துவிட்டன.
பேச்சியம்மா பேச்சியாகி, ஏய் ஆகி, இங்க பாரு ஆகி,
ம்.
கதவு திறக்கும் ம், சட்டை நல்லாயில்லை என்கிற ம்,
தூங்கிட்டியா என்பதற்குத் தூங்காமல் சொல்லும் ம்.

சீட்டுப் பணத்தை என்னைக் கேட்காமல்
மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தாயே,
அப்போது அந்த ம்மும் நின்றது.
பதினோரு நாள்.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
கேஸ் வந்தது என்று நீ.
சாவி மீட்டர் பெட்டி மேல் என்று நான்.
தூதுக்கு மகளைக் கூப்பிட்டால்
"நீங்களே பேசிக்கங்க, எனக்குப் பரீட்சை."

பன்னிரண்டாம் ராத்திரி கரண்ட் போனது.
மின்வாரியக்காரி இருக்கிற தெருவில்
கரண்ட் போனால் தெருவே என் வீட்டைத்தான் பார்க்கும்.
ஒளிந்துகொள்ள மாடிப்படி ஏறினேன்.
மேலே இருட்டில் நீ, அக்காவிடம், போனில்.
திட்டுகிறாய் என்று காது கொடுத்தேன்.

ராத்திரி சாப்பிடாமல் படுத்துடுறாக்கா.
எப்படிக் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாததையெல்லாம்
எனக்குப் புரியாது என்று நீ நம்பும் மொழியில்தான்
சொல்லி வைத்திருக்கிறாய்.

இறங்கிப் போய்
உனக்குக் கேட்கிற மாதிரி தட்டை நங்கென்று வைத்து
நாலு இட்லி தின்றேன். ஆறிப்போன இட்லி.
நீ வந்து எதிரில் உட்கார்ந்தாய்.
ம்? என்றாய்.
ம் என்றேன்.
பணம் இன்னும் வரவில்லை, அது வேறு விஷயம்.

இன்றுவரை சொல்லவில்லை.
சொன்னால் வார்த்தைகளைப் பார்த்து வைப்பாய்.

பெரியார் நிலையத்தில் இறங்கினேன்.
எத்தனை பாக்கெட் என்று நீ எழுதவில்லை,
நான் கேட்கவும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமையில் பால் என்றால் அக்கா வருகிறாள்.
பச்சை, இரண்டு.

நீங்கள் பேச ஆரம்பிப்பீர்கள்.
நான் உளுந்தில் கையை விட்டுக்கொண்டு
ஒன்றும் புரியாத முகத்தை வைத்துக்கொள்வேன்.